நாவ மரத்துலேர்ந்து விழுந்தவன்

அவன் குடிக்கலம்மா. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்க பாருங்க, அதுக்காகச் சொல்றேன். தப்பா எடுத்துக்கல. எல்லாருமே அப்படித்தான் நெனக்கிறாங்க. பஸ்ஸுல ஏறும்போது ஒடம்பு ஒரு பக்கமா சாஞ்சுடும், கம்பியப் பிடிக்கப் போயி பக்கத்துல இருக்குறவங்க தோளப் பிடிச்சுடுவான். பாத்தா குடிச்சவன் மாதிரியேதான் இருக்கும்.

என் தம்பி. குணசீலன். அதோ, நமக்கு முன்னாடி சீட்டுல, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. வெளிச்சம் ஆகாது அவனுக்கு. நாம பேசுறது அவனுக்குக் கேக்காது. ஒரு காது சுத்தமா இல்ல, இன்னொண்ணுல எப்பவும் கிர்ருன்னு வண்டு கத்துற மாதிரி இருக்குமாம். நீங்க பேரணாம்பட்டா? நாங்க குடியாத்தம் தாண்டினதும் எறங்கிடுவோம்.

மிலிட்டரிக்காரன்மா. நாயிப் சுபேதார். எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரிதான், அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆனா சுபேதார் ஆனவங்க கம்மி. அம்மா செத்தப்ப இவன் சின்னப் பையன், நான்தான் வளத்தேன். எனக்குக் கல்யாணம் ஆனப்பகூட என் பின்னாடியே வந்துட்டான். எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. அவர் ஒரு மாதிரி நல்ல மனுஷன், எதுக்குமே ஒண்ணும் சொல்லமாட்டாரு.

இவனப் பீரங்கிப் படையில போட்டாங்கன்னு கேட்டதும் எனக்குப் பயம். பீரங்கின்னா சண்டைக்குப் போவணுமேன்னு. ஆனா பாருங்க, இவன் ஒரு சண்டைக்கும் போகல. வேலையில கெட்டிக்காரனா இருந்ததால வடக்க ஒரு பயிற்சி முகாம்ல வாத்தியாரா வெச்சுக்கிட்டாங்க. உஸ்தாத்துன்னு சொல்லுவாங்க. புதுசா சேர்ற பசங்களுக்குப் பீரங்கி சுடச் சொல்லித் தரணும். எல்லைக்குப் போன பசங்க வீட்ல எல்லாம் போன் அடிச்சா நெஞ்சு பதறும். எனக்கு அந்தக் கவலையே இல்ல. என் தம்பி வாத்தியார்மா. அவன் மேல ஒரு கீறல் பட்டதில்ல, ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. அத நான் யாருகிட்ட வேணா சொல்லுவேன்.

பசங்க வருவாங்க, கொஞ்ச நாள் சுடுவாங்க, போயிடுவாங்க. அப்புறம் அடுத்த கூட்டம் வரும். இவன் அங்கயேதான். ஒவ்வொரு குண்டுக்கும் பீரங்கி பக்கத்துலயே நிக்கணும், பையன் தப்புப் பண்ணிடக் கூடாதுல்ல. எப்படிடா இருக்கும்னு நான் ஒரு தடவ கேட்டேன். காதுல சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல காத்து வந்து தட்டும்க்கான்னான். பல்லு கூசுமாம். சுட்டு முடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் சோறு எறங்காதாம். பழகிடும்னு சொன்னான். பழகிடுச்சு. வருஷக் கணக்கா அதே வேல பண்ணினா பழகாம என்ன பண்ணும்?

கல்யாணம் நான்தான் பண்ணி வெச்சேன். பொண்ணு தருமபுரிப் பக்கம், அமுதவல்லின்னு பேரு. படிச்சவ, பி.எஸ்ஸி. அதான் நான் பண்ணின தப்பு. எனக்கு மனக்கொற எல்லாம் அவ மேலதான்மா. அவ கையில போனதுக்கப்புறம்தான் இவன் இப்படி ஆனான்.

லீவுல வரும்போது ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. சோத்துல உப்பு இல்லம்பான். ரெண்டு கரண்டி போட்டாலும் இல்லம்பான். ஒரு தடவ எங்க வீட்ல அடுப்புல பால வெச்சுட்டு இவன உக்கார வெச்சுட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வரேன், தெருமொனைக்கே தீஞ்ச வாட அடிக்குது. உள்ள போனா ஒரே பொக. பாத்திரம் கறுப்பா கெடக்கு. இவன் பக்கத்துலயே முக்காலியில உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டிருக்கான். ஏண்டா, வாசன வரலையான்னேன். என்ன வாசனக்கான்னான். மூக்கே செத்துப் போச்சு. அங்க வடக்க முகாம் குவார்ட்டர்ஸ்ல அவ கடுகெண்ணெயில சமைச்சுப் போட்டுப் போட்டு வந்தது அது. வேற என்ன?

அப்புறம் தலவலி. எப்பப் பாத்தாலும் தலவலி. தூக்கம் கெடயாது. பகல்லயும் ஜன்னல மூடி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். கோவம் வேற. எழில்னு ஒரு பொண்ணு அவங்களுக்கு. அது சாப்பிடும்போது தட்டுல கரண்டி இடிச்சு டங்குன்னு சத்தம் வந்துதுன்னு தட்டத் தூக்கி அது மேலயே வீசிட்டான். அந்தச் சின்னப் பொண்ணு அழுவுது. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, பாப்பா ஏன் அழுவுறான்னு கேக்குறான். அமுதா இத எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. சொல்லும்போது குரல்ல ஒரு அழுகையும் இல்ல. பாங்குல கணக்குச் சொல்ற மாதிரி சொன்னா. ஆம்பளைக்குக் கோவம் வர்றது ஒரு சேதியான்னு கேட்டு வெச்சுட்டேன்.

இன்னொரு தடவ, முகாம்லேர்ந்து வீட்டுக்கு வர்றவன் வழி தவறி அடுத்த வரிசையில வேற ஒருத்தர் வீட்டுக்குள்ள போயி, ஷூவக் கழட்டி வெச்சுட்டுக் கட்டில்ல உக்காந்துட்டான். அந்த வீட்டம்மா பயந்துபோயி இவளக் கூப்பிட்டு விட்டிருக்காங்க. இவ போயிக் கூட்டிக்கிட்டு வந்தாளாம். எல்லா வீடும் ஒரே மாதிரி கட்டி வெச்சா யாருக்குத்தான் தெரியும்?

அதுக்கப்புறம் அவ சும்மா இருக்கல. டாக்டர் டாக்டரா போனா. மண்டைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே சொன்னப்புறம் விட வேண்டியதுதானே. விடல. நம்ம ஊருப் பக்கம் லீவுல வந்தப்ப பெரிய மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அங்க ஒரு டாக்டரம்மா, மலையாளி, அவங்க இவள மாதிரியே. விடாம கேள்வி மேல கேள்வி.

அந்த வருஷம் எங்களுக்கு ரொம்ப முக்கியமான வருஷம்மா. என் பொண்ணு புனிதாவுக்குக் காட்பாடியிலேர்ந்து வரன் வந்திருந்துது. இவனுக்குப் பிரமோஷன் வர்ற நேரம். அந்த நேரம் பாத்து அமுதா எனக்குப் போன் போட்டா. டாக்டரம்மா சின்ன வயசுலேர்ந்து அவரத் தெரிஞ்சவங்க யாராவது வேணும்கறாங்க, நீங்கதான் வளத்தீங்க, வந்து அவரு முன்னாடி எப்படி இருந்தாருன்னு உள்ளதச் சொன்னா போதும்னா. முன்னாடி நல்லா இருந்து இப்பத்தான் இப்படின்னு தெரிஞ்சா, பீரங்கிகிட்டேர்ந்து எடுத்துடுவாங்களாம். வேற ஏதோ எழுத்து வேலையோ ஸ்டோர் வேலையோ குடுப்பாங்களாம். எடுத்துட்டா? பிரமோஷன்? மூள சரியில்லாதவன்னு பேரு வந்துடாது? காட்பாடிக்காரங்க காதுக்குப் போவாதா?

போனேன். டாக்டர் ரூமுக்கு வெளிய பெஞ்சுல மூணு பேரும் உக்காந்திருந்தோம். அமுதா டோக்கன் வாங்கப் போனப்ப, இவன்கிட்ட கேட்டேன். சீலா, உண்மையச் சொல்லு, ஒனக்கு என்னதான்டா பண்ணுதுன்னு. அவன் செவுத்தப் பாத்துக்கிட்டே, ஒண்ணும் பண்ணலக்கா, அதான் பிரச்சினை, ஒண்ணுமே பண்ணமாட்டேங்குதுன்னான். எனக்குப் புரியல. உள்ள போயி நான் என்னடா சொல்லட்டும்னு கேட்டேன்.

"நீ என்ன சொல்றியோ சொல்லுக்கா"ன்னான்.

அவ்வளவு நம்பிக்க என் மேல.

டாக்டரம்மா நல்லாத்தான் பேசினாங்க. தமிழ் கொஞ்சம் ஒடஞ்சு ஒடஞ்சு வரும். எனக்குப் புரியறதுக்காக மேஜை மேல இருந்த டம்ளர எடுத்து வெச்சுச் சொன்னாங்க. ஒரு சட்டியில தயிர் ஒறைய வெச்சிருக்கீங்க, சட்டிய வெளிய லேசாத் தட்டினா சட்டி ஒடையாது, ஆனா உள்ள தயிர் ஆடும், தெனமும் தட்டிக்கிட்டே இருந்தா தயிர் கலங்கி நீர் விட்டுடும்ல? அந்த மாதிரிதான் பீரங்கிக் காத்து மண்டைய அடிக்குதுன்னாங்க. ஒரு பெரிய அடியா இருந்தா ஸ்கேன்ல தெரியும், இது சின்னச் சின்ன அடியா ஆயிரக்கணக்குல விழுந்தது, படத்துல தெரியாதுன்னாங்க. இவன்கூட இருந்த இன்னொரு உஸ்தாத், ராஜஸ்தான்காரர், அவருக்கும் இதே மாதிரி வாசன போச்சாம், தூக்கம் போச்சாம். அவரு ராஜஸ்தான்மா, அங்க அடிக்கற வெயிலுக்கு எது வேணா போவும்.

அப்புறம் கேட்டாங்க. சின்ன வயசுல இவருக்குக் கோவம் வருமா? மறதி உண்டா?

நான் யோசிக்கவே இல்ல. வரும் மேடம், பயங்கரக் கோவக்காரன்னேன். பள்ளிக்கூடத்துலேர்ந்து தெனமும் பைய மறந்து வெச்சுட்டு வருவான்னேன். தூக்கத்துல எழுந்து நடப்பான்னேன். எனக்கே எப்படித்தான் அப்படி சரளமா வந்துதோ தெரியல. இவன் அப்படியெல்லாம் இல்ல. எதிர்வீட்டுப் பசங்க அடிச்சாக்கூடத் திருப்பி அடிக்கத் தெரியாது. சும்மா சிரிச்சுக்கிட்டு நிப்பான். ஆனா அத அங்க சொல்லி என்ன ஆவப் போவுது?

அவங்க பேனாவ வெச்சுட்டு என்னயே பாத்தாங்க. தலயில எப்பவாவது அடிபட்டிருக்கான்னு கேட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னாங்க.

"பட்டிருக்கு மேடம். நாவ மரத்துலேர்ந்து தலகீழா விழுந்துட்டான். ஒரு நாள் முழுக்கப் பேச்சே வரல. அதுலேர்ந்தே இப்படித்தான்."

திருப்பிக் கேட்டாங்க. திருப்பியும் அதத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. இவன் பக்கத்துலயே உக்காந்து நான் சொல்றத ஏதோ கத கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டிருந்தான்.

வெளிய வந்ததும் அமுதா என் முன்னாடி வந்து நின்னா. அண்ணி, அவரு மரத்துலேர்ந்து விழுந்ததா ஒரு நாளும் சொன்னதில்லையேன்னு கேட்டா. நீ அப்ப எங்க இருந்தேன்னு கேட்டேன். அன்னிக்கு எனக்கு ரொம்பத் திருப்தியா இருந்துது, சொல்றதுக்கென்ன. ஒரு குடும்பத்தோட மானத்தக் காப்பாத்தினேன்ல.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், பீரங்கியால வந்ததில்லன்னு எழுதி, வேலைக்குத் தகுதின்னு சொல்லித் திருப்பி அதே முகாமுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷமே நாயிப் சுபேதார். தோள்ல நட்சத்திரம் வெச்சுக்கிட்டு எடுத்த போட்டோவ நான் பெருசு பண்ணி மாட்டியிருக்கேன், வந்தா காட்டுறேன். தெருவுக்கே லட்டு குடுத்தேன். புனிதா கல்யாணத்துக்கு யூனிபார்ம்லயே வந்தான். காட்பாடிக்காரங்க எல்லாம் இவன்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மேளக்காரங்க வாசிக்க ஆரம்பிச்சதும் இவனக் காணோம். தேடிப் பாத்தா, மண்டபத்துக்குப் பின்னாடி வேன்ல கண்ணாடியெல்லாம் ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கான், பக்கத்துல அமுதா. தாலி கட்டும்போது அவன் இல்ல. அது ஒண்ணுதான் கொற.

அங்க போயி இன்னும் ரெண்டு வருஷம் சுட்டான். சுட வெச்சான். என்ன நடந்துதுன்னு எனக்கு அவங்க பட்டாளத்துப் பையன் ஒருத்தன் வந்து சொன்னான். பசங்க எல்லாம் பீரங்கியில குண்டு போட்டுத் தயாரா நிக்கிறாங்க. இவன் கொடிய எறக்கணும். எறக்கினாத்தான் சுடணும். இவன் கொடியத் தூக்கினவன் தூக்கினபடியே நிக்கிறான். பசங்க காத்துக்கிட்டிருக்காங்க. உஸ்தாத் எறக்கமாட்டேங்கறாரேன்னு ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கறாங்க. யாருக்கும் கிட்டப் போயிக் கேக்க தைரியம் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு இவனாவே மண்ணுல உக்காந்துட்டான். கொடிய மடியில வெச்சுக்கிட்டு. எழுப்பினா, சாப்பாட்டு நேரம் ஆச்சான்னு கேட்டானாம்.

வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இப்ப வேலூர்ல வீடு எடுத்து இருக்காங்க. அமுதா ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல டீச்சர். இப்ப இவனுக்குக் கோவமெல்லாம் இல்லம்மா, அத ஒண்ணு சொல்லணும். சுத்தமா போயிடுச்சு. சிரிப்பும் இல்ல. உக்காரச் சொன்னா உக்காருவான், எழுந்திருன்னா எழுந்திருப்பான். டி.வி.ய அணைச்சாலும் அதயேதான் பாத்துக்கிட்டிருப்பான். எழில் அவளாவே வளந்துட்டா. அப்பான்னு பக்கத்துல போயி உக்காருவா, அவன் கை எடுத்துத் தன் கையில வெச்சுக்குவா. அவன் அப்படியே விட்டிருப்பான். காலையில அவ பேரு அவனுக்கு வராது. மத்தியானத்துக்கு மேல வரும்.

நான் மாசத்துக்கு ஒரு தடவ போயிப் பாப்பேன். என் மனக்கொற என்னன்னா, அமுதா என்கூட சண்ட போடறதில்ல. வாங்க அண்ணிம்பா. சாப்பிடுங்கம்பா. தட்டுல வெச்சுட்டுப் போயிடுவா. ஒரு நாளாவது, நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னீங்களேன்னு என்ன ரெண்டு வார்த்த கேட்டா, நானும் ரெண்டு வார்த்த கேப்பேன். மனசுல இருக்குறது எறங்கும். கேக்கமாட்டா. ஒரு மனுஷிய இதவிட எப்படிம்மா அவமானப்படுத்த முடியும்?

இன்னிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில காட்டிட்டுத்தான் வர்றோம். புது டாக்டர், சின்ன வயசுப் பையன். பழைய காயிதத்தையெல்லாம் பாத்துட்டு, சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்து தலயில அடிபட்டிருக்கேன்னு கேட்டாரு. நான் வாயத் தொறந்தேன். என்ன சொல்றதுக்குத் தொறந்தேன்னு எனக்கே இன்னும் தெரியல. அதுக்குள்ள இவன் பேசினான். நாளெல்லாம் வாயத் தொறக்காதவன்.

"நாவ மரம் சார்"னான். "ஏரிக்கரையில. பழம் பறிக்க ஏறினேன். கெள ஒடிஞ்சுது. சட்டையெல்லாம் ஊதாக் கற. அக்கா என்னத் தூக்கிக்கிட்டு ஓடினா. ஓடும்போது அழுதுக்கிட்டே ஓடினா. வலிக்கலக்கா, வலிக்கலக்கான்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

சொல்லும்போது அவன் மொகம் எப்படி இருந்துது தெரியுமா? மொகமா இருந்துது. பழைய மொகம்.

எங்க ஏரிக்கரையில நாவ மரம் கெடயாதும்மா. வெறும் கருவேலம்தான். இவன் எந்த மரமும் ஏறினதில்ல, பயந்தாங்கொள்ளி. நான் சொன்னதுதான் எல்லாம். அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட சொன்னது, அப்புறம் விசாரிக்க வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னது. நான் சட்டக் கற எல்லாம் சொல்லல. அழுததச் சொல்லல. அதெல்லாம் அவனாவே சேத்துக்கிட்டான்.

டாக்டர் தலயாட்டிக்கிட்டாரு. எது காரணமா இருந்தாலும் இனிமே வைத்தியம் ஒண்ணுதான், தூக்கத்துக்கு மாத்திர, தலவலிக்கு மாத்திர, சத்தம் இல்லாத எடத்துல வெச்சுக்குங்கன்னாரு. பாத்தீங்களா? எது காரணமா இருந்தாலும் ஒண்ணுதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. அன்னிக்கே பீரங்கிகிட்டேர்ந்து எடுத்திருந்தா கொஞ்சம் மிச்சம் இருந்திருக்குமான்னு அமுதா கேட்டா. அவரு மாத்திர எழுத ஆரம்பிச்சுட்டாரு.

நான் மறுபடியும் வாயத் தொறந்தேன். டாக்டர், அந்த மரம்னு ஆரம்பிச்சேன். மேஜைக்குக் கீழ அமுதா என் மணிக்கட்டப் பிடிச்சா. கெட்டியா. இத்தன வருஷத்துல அவ என்னத் தொட்டது அதான் மொத தடவ.

வெளிய வந்ததும் இவன ஒரு சேர்ல உக்கார வெச்சுட்டு என்னத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போனா.

"மாத்திச் சொல்லாதீங்க அண்ணி"ன்னா. "எங்க கல்யாணம் அவருக்கு நெனவில்ல. எழில் பொறந்தது நெனவில்ல. இது ஒண்ணுதான் அவருகிட்ட முழுசா இருக்கு. இது இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் எழில கோயமுத்தூர்ல காலேஜுல சேக்கணும், ஹாஸ்டல் பாக்கணும், ஒரு மாசம் இவர உங்க வீட்ல வெச்சுக்க முடியுமான்னு கேட்டா. மாத்திரய எப்ப எப்பக் குடுக்கணும்னு சொன்னா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டா. ஜன்னலுக்கு வெளிய நின்னு அவனுக்குக் கை காட்டினா. அவன் காட்டல. அவ காட்டிக்கிட்டே இருந்தா.

வேலூர்லேர்ந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு வர்றேன். இது ஒண்ணுதான் அவருகிட்ட முழுசா இருக்குன்னா. அப்படின்னா நான் குடுத்ததுதான் மிஞ்சியிருக்குன்னு ஆவுது இல்லையா? அவளே அத ஒத்துக்கிட்டா. நல்ல மனசோடதான் சொல்லியிருப்பா. இல்ல, குத்திக் காட்டினாளா? குத்திக் காட்டுறவ மாதிரி மொகம் இல்ல. கையப் பிடிச்சதும் கோவமாப் பிடிச்ச மாதிரி தெரியல. நீங்க படிச்சவங்க மாதிரி தெரியறீங்க, நீங்க சொல்லுங்க. எந்த அர்த்தத்துல சொல்லியிருப்பா?

ஏம்மா ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்க?

சரி, வேணாம். விடுங்க. எங்க ஸ்டாப்பிங் வந்துடுச்சு. அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்க. சீலா, டேய் சீலா, எழுந்திருப்பா. எறங்கணும். கம்பியப் பிடிச்சுக்கோ. பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன். விழமாட்ட.